பஸ்ஸின் இழுப்பும் பரீதாவின் இழுப்பும்

திருகோணமலையில் பஸ் டிப்போ கட்ட இடம் தேடியவர்களுக்கு, பரீதா என்பவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் பின்பக்கத்தை விட்டால் வேறு காணியே அகப்படவில்லை. அவளுடைய புருஷன் அபூதாஹிருக்கு அன்று சந்தோஷம்தான். டிப்போவில் பஸ் எஞ்சின்களின் டீசல் பம்பு திருத்தும் வேலை கிடைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் சோறு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றது ஊர். ஊருக்கென்ன, புகையைக் குடிக்கப் போவது அது இல்லையே.

விடியற்காலையில் பஸ்கள் எல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும். சூடேறும் மட்டும் உறுமிக்கொண்டு நிற்கும். கரும்புகை மதிலேறிக் குசினிக்குள் இறங்கும். மூடி வைத்த சோற்றிலும் கரி. சில வருடங்களில் பரீதாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. சுபஹுத் தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சஜ்தாவுக்குக் குனிந்தவள் மூச்சு முட்டி நிமிர முடியாமல் கிடந்ததைக் கண்ட அன்று அபூதாஹிர் பயந்து போனான். பம்பிலே டீசலைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் புகை அடங்கும். ஒவ்வொரு பஸ்ஸாகக் குறைத்தான். கொஞ்ச நாள் வீட்டில் காற்று காற்றாக இருந்தது.

ஆனால் புகை கக்காத வண்டியை பஸ் என்று எந்தச் சாரதியும் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு உவர்மலை ஏறிய பஸ், பாதியில் முக்கி நின்றுவிட்டது. அதன் சாரதி அன்ஸார் வந்து கத்தினான்.

"காக்கா, வண்டியில இழுப்பு இல்ல!"

"வண்டிக்கு இழுப்பு வந்தா என்ட ஊட்டுலயும் இழுப்பு வருகுது தம்பி."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் பகிடி விடவில்லை என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

போர்மன் சோமசேகரம் நல்ல மனுசன். "உம்முடைய கஷ்டம் விளங்குது அபூதாஹிர். பஸ் ஏறாட்டில் சனம் என்னையெல்லோ ஏசும்? டீசல் பீச்சுற புது நொசில் வந்தா இழுவையும் இருக்கும், புகையும் இராது. வரட்டும், பாப்பம்."

அரசாங்கம் இறக்குமதியை அடைத்து வைத்த எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுதான் வந்தது? பருப்பே வரவில்லை, நொசிலா வரும்? இவன் குறைத்து வைப்பான். சாரதிமார் கூட்டி வைப்பார்கள். பம்பில் கை வைக்காதபடி ஈயமுத்திரை போட்டான், வெட்டி எறிந்தார்கள். போதாததற்குக் குப்பை லொறி வேறு. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று, ஒழுங்கைக் குப்பை முழுவதும் ஏறி முடியும் மட்டும் அவன் வாசலிலேயே புகைந்துகொண்டு நிற்கும். அந்தச் சாரதியிடமும் கெஞ்சிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைசியில் பரீதாவின் தங்கை றுக்கியா வந்து, தமக்கையைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படகேறி அக்கரை சேர்ந்ததும் பரீதாவுக்கு மூச்சுத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. மாப்பிள்ளை பெண்சாதி வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்சாதியே இல்லாத பெண்சாதி வீட்டில் மாப்பிள்ளை இருப்பது எந்த ஊர் வழக்கம்? வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் சோறில்லை. அதனால் இருந்தான். மானம் கெட்டுத்தான் இருந்தான்.

லீவு கிடைத்தால் கிண்ணியாவுக்கு ஓடுவான். எண்பதாம் ஆண்டளவில் ஒரு பெருநாள். சவர்க்காரம் கரையக் கரையத் தேய்த்துக் குளித்து, புதுச் சாரம் உடுத்துப் போயிருந்தான். பரீதா முகமெல்லாம் சிரிப்பாக வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியபடியே அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"கோவிக்காதீங்க," என்றாள், சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. "உங்கட மேலுல டீசல் மணக்குது. கொஞ்சம் தள்ளி இருங்க."

அவன் கோபிக்கவில்லை. கதிரையை முற்றத்துக்குத் தூக்கிப் போய், தன் மேல் பட்ட காற்று அவள் பக்கம் போகாத இடமாகப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்து வட்டிலப்பத்தைத் தின்று முடித்தான்.