நவரத்தினத்தார் பூட்டிய கடல்வழி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் சட்டை தைத்துக்கொடுத்துச் சீவித்தவள் சரோஜினிதேவி. காரைநகர்க்காரி. பிள்ளை குட்டி இல்லை. பிடித்த பிடியை விடமாட்டாள். அதனால் புருசன் வரதராசா அவளை ‘எங்கட வீட்டு நீதவான்’ என்று பகிடி பண்ணுவார்.

சண்டைக் காலத்தில் ஒரு நாள் அந்த மனுசன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தார். களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதமாகத்தான் வந்தார். வவுனியாவிலிருந்து, கொழும்பில் கொஞ்ச நாள் தங்க ஆமியிடம் பாஸ் எடுத்து வந்த அவருடைய தம்பி யோகநாதன் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கடலில் கரைக்கவென்று சாம்பல் முட்டி துணி கட்டி வீட்டுக் கோடிப்புறத்தில் இருந்தது.

கடல் கூப்பிடு தூரம். ஆனால் மற்ற ஒழுங்கை முடிவுகளிலெல்லாம் ஆமிக்காரன் நின்றான். கைப்பையோடு போகிறவனையே தண்டவாளம் தாண்ட விடாதவன், முட்டியோடு விடுவானா? மிஞ்சியது அவளுடைய ஒழுங்கை முடிவில் இருந்த நவரத்தினத்தாரின் மாடிவீட்டு மதிலோரம் போகும் நடைவழி. அதற்கும் அவர் இரும்புக் கேற் போட்டுப் பூட்டிவிட்டார். கடலால் புலிகள் ஆராவது வந்து ஏறினால் தமிழன் என்று தன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது அவருடைய பயம்.

“கடல் என்ன, அண்ணை, உங்கட மனுசி கொண்டுவந்த சீதனமோ?” என்று சரோஜினிதேவி தன் வாசற் படலைக்குள் நின்றே கேட்டாள்.

அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு றமீலா விசாரித்து வந்து சொன்னாள்: கடற்கரை பொதுச்சொத்து, அதற்குப் போகும் வழியை வீட்டுக்காரர் மறிக்கக் கூடாது, பொலிசில் நேரே போய் முறைப்பாடு வைத்தால் திறப்பார்கள். றமீலா தானே போவதாகவும் சொன்னாள். செத்தவீட்டுக் காரியத்தைப் பிறத்தியார் பேசுவதா என்று சரோஜினிதேவி மறுத்தாள். சாவுத் துடக்குக் கழியாமல் தானும் படலை தாண்டமாட்டாள். யோகநாதனைத்தான் போகச் சொன்னாள்.

அவன் தயங்கினான். “அண்ணி, பாஸ் முடிஞ்சுபோச்சு. கேட்டாங்கள் எண்டால்?”

“நீ என்ன குண்டு வைக்கவோ போறாய்? சட்டம் எங்கட பக்கம். சொல்லிப்போட்டு வா.”

பொலிசில் முறைப்பாட்டைக் கவனமாகக் கேட்டார்களாம். பிறகு பாஸைக் கேட்டார்களாம். யோகநாதன் திரும்பி வரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். சட்டப்படி பூட்டை உடைத்து, கேற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தியேட்டியன்று நவரத்தினத்தார் தலை குனிந்து வந்தார். வேறு ஆண்பிள்ளை கையில் தருப்பை போட்டுச் செய்யலாம், குற்றமில்லை என்று ஐயர் சொன்னார்.

“நான் நிக்கிறன், தங்கச்சி,” என்றார் நவரத்தினத்தார். “வழியும் திறந்திட்டுது. கரைச்சுப்போட்டு வருவம்.”

இன்னொருவன் கையால் கரைத்தால், யோகநாதன் இனி இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அவள் முட்டியைத் தொட விடவில்லை.

“கொள்ளி வைச்சவன் இருக்கிறான். அவன் வந்து கரைப்பான்.”

ஐயருக்குத் தட்சணை கொடுத்து அனுப்பினாள். துடக்கும் கழிந்துவிட்டது. திறந்த வழியால் சனம் கடலுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. அவள் மற்றப் பக்கம் திரும்பி, காலிக்குப் போகும் பெருவீதியில் ஏறி, பொலிஸ் வாசலுக்கு நடந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்தாள்.