ஒரு கிணறு, மூன்று மோட்டர்

எங்கள் அலுவலகத்தில் உதயகலாவுக்குப் 'பிழைபிடிகாரி' என்று பட்டம். யாழ்ப்பாண நகரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் அது. நாங்கள் எழுதித் தருவதை எங்கே உடையும் என்று நோண்டிப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. காலையில் கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். வந்ததும் யாராவது ஒருவருடைய தலை உருளும். எனக்கும் அவளைக் கண்டால் எரிச்சல்தான். ஆனால் அவள் சொல்லி அது பிழையாய்ப் போனதை நான் கண்டதில்லை.

தோட்டக் கிணறுகளுக்கு ஒரு செயலி செய்தோம். எங்கள் மண்ணில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் கிடக்கும் உவர்நீர் மேலே வந்துவிடும். அதனால் அன்றைய அளவு தண்ணீர் போனதும் மோட்டர் தானாக நிற்க வேண்டும். முதலாளி ஜெயதீபன் இதை ஏஐ கருவியிடம் கொடுத்தார். நிரலை எழுதியதும் அதுதான். சரியா என்று சோதித்ததும் அதுதான். எல்லாச் சோதனையும் பச்சை. தானே வினாத்தாள் போட்டு, தானே விடை எழுதி, தானே திருத்தினால் யார்தான் நூறு எடுக்கமாட்டார்கள்?

உதயகலா அவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணை, எங்கடை ஊருகளிலை கிணறு பங்கிலை எல்லோ இருக்கு? மூண்டு சகோதரியளுக்குச் சீதனமா ஒரு கிணத்தைப் பங்கு பிரிச்சிருப்பினம். மூண்டு பேரும் மூண்டு மோட்டர் போட்டால்?"

"எல்லாம் பாஸ், கலா. நீர் ஏன் இல்லாத பிரச்சினையைத் தேடுறீர்?"

"அதுக்குப் பங்குக் கிணறு தெரியாது அண்ணை. தெரியாததை எப்பிடிச் சோதிக்கும்? நீர்வேலித் தோட்டங்களுக்கு ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாறன்."

போக விடவில்லை. செயலி வெளியே போய்விட்டது.

நீர்வேலியில் சின்னத்தங்கமும் இரண்டு தங்கைமாரும் ஒரே கிணற்றில் இறைப்பவர்கள். முன்பெல்லாம் ஒருத்தி இறைத்தால் மற்றவள் எட்டிப் பார்த்து, போதும் நிப்பாட்டு என்பாள். செயலி வந்தபின் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார்கள். ஒரு கிணற்றுக்கான அளவை மூன்று மோட்டரும் தனித்தனியே ஒழுங்காக இறைத்து ஒழுங்காக நின்றன. கிணறு உவராகிவிட்டது. வாழை இலைகள் ஓரம் கருகி, குலை போட்ட மரங்களும் சரிந்தன.

ஜெயதீபன் என்ன கேட்டார் தெரியுமா? "சோதிக்கிற ஆள் நீர்தானே, கலா. ஏன் கண்டுபிடிக்கேல்லை?" வாய் கூசவில்லை அந்த மனிதனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ அண்டைக்கே சொன்னவ, அண்ணை. நீங்கள்தான் போக விடேல்லை," என்றேன்.

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். "சரி, சரி. அஞ்சு நிமிசத்திலை உந்த ஏஐ திருத்தித் தரும்."

தந்தது. கிணற்றை எந்தக் கருவி திருத்தும்?

திருத்திய செயலியைப் போட்டுக்கொடுக்க உதயகலாவும் நானும் நீர்வேலிக்குப் போனோம். பேச்சு வாங்கத் தயாராகத்தான் போனோம். சின்னத்தங்கம் ஏசவில்லை, போனை எடுத்துத் தரவுமில்லை. கருகிய வாழைகளுக்குப் பக்கத்தில் இருக்கக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். உதயகலா கோப்பையைப் பிடித்தபடி இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"குடி பிள்ளை," என்றார் சின்னத்தங்கம். "பயப்பிடாதை, எங்கடை கிணத்துத் தண்ணியில்லை. கடையிலை வாங்கின போத்தில் தண்ணியிலைதான் போட்டனான்."