அவிநாசிக்குப் போன மழை லில்லி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எழுபத்து மூன்று தொட்டிகள் இருந்தன. தொட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெயிண்ட் வாளி, ஐஸ்கிரீம் டப்பா, கைப்பிடி போன குக்கர் எல்லாம் அதில் அடக்கம். எல்லாவற்றிலும் ஒரே செடிதான், மழை லில்லி. சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு, புல் போல நாலு இலை, மழை பெய்த நாலைந்து நாளில் ஒரு பூ. அப்பாவைக் கேட்டால் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்றே வகை. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. மதுக்கரையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்த அம்மா, பூ விரிகிற லீவு நாட்களில் அடிஸ்கேலோடு மாடியேறி, இதழின் அகலம், காம்பின் உயரம், நடுவிலுள்ள பச்சை என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்கு வருவாள்.

அதில் ஒன்று அவளே உண்டாக்கியது. இரண்டு வகைகளைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் சேர்த்து, விதை எடுத்து, மூன்று வருடம் காத்திருந்து பூக்க வைத்தாள். இளமஞ்சள் பூ, இதழ் ஓரத்தில் மட்டும் ரோஸ். படத்தை முகநூல் குழுவில் போட்டதும், குழுவில் பெரிய ஆளான அவிநாசித் தோட்டத்துக்காரர், "இது எங்கிட்ட முன்னாலயே இருக்குதுங்க" என்று எழுதிவிட்டார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். அவரும் தாராளமாக வரச் சொன்னார்.

அந்தத் தோட்டத்தில்தான் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இருபது வருடம் கூலி வேலை பார்த்தார். அவருடைய மகள் இவள் என்பது தோட்டத்துக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற குஷியில் இருந்தேன்.

மழை லில்லியை நாள் குறித்துப் பூக்க வைக்க ஒரு வழி உண்டு. மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் விடாமல் காயப்போட்டு, பிறகு முழுக்க நனைத்தால் நாலாம் நாள் பூக்கும். புதன்கிழமை இருவரும் தண்ணீர் ஊற்றுவது, ஞாயிற்றுக்கிழமை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று பேச்சு.

எங்கள் வீட்டில் கேபிள்காரர் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். "ஆரையும் தண்ணி குடுக்காம நிக்க வெக்கக் கூடாது கண்ணு" என்று பழக்கியவளே அம்மாதான். அவளே தன் செல்லத் தொட்டியை இலை சுருளக் காயப்போட்டது நாலாம் வகுப்பு படித்த எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் என் வாட்டர் பாட்டிலை அதில் கவிழ்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பூ பளிச்சென்று விரிந்து நின்றது. ஞாயிறு வரை தாங்காது. அம்மா தொட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை அவள் முறைப்படி ஊற்றிய தண்ணீருக்குச் சனிக்கிழமை மாலை இன்னொரு மொட்டு எட்டிப் பார்த்தது. அம்மா உடனே கீழே போய்ப் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டாள்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். அம்மாவின் மடியில் தொட்டி, மொட்டு மூடியே இருந்தது. தோட்டத்து வீட்டு முன்கேட்டில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திறந்துகொண்டு நேராக நடந்தாள்.

தோட்டத்துக்காரர் போர்டிகோவில் ஸ்டூல் போட்டுத் தன் பூவை வைத்திருந்தார். "வெயில் ஏறட்டுங்க, விரியும்" என்றார். பத்தரைக்கு விரிந்தது. அவருடைய பூவில் ரோஸ் நிறம் இதழ் முழுக்கப் பரவியிருந்தது. அம்மாவுடையதில் ஓரத்தோடு நின்றது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார். அம்மா பையிலிருந்து அடிஸ்கேலை எடுத்து நீட்டினாள்.

"நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. இது வேறதானுங்க. எனக்கு ஒரு கெழங்கு கெடைக்குங்களா?"

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

"தாரனுங்க" என்றாள் அம்மா.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"இதே ஊருதானுங்க. எங்கப்பா உங்க தோட்டத்துலதானுங்க வேலைக்கு இருந்தாரு."

அவர் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். உள்ளே திரும்பி, "அம்மணி, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார். எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வந்தது. அம்மா உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். "நாந்தாம்மா திங்கக்கெழமையே தண்ணி ஊத்திப்போட்டேன்."

"தெரியுங் கண்ணு. புதங்கெழமை மண்ணத் தொட்டப்பவே தெரியும்" என்று என் தலையைக் கோதிவிட்டாள்.

அப்புச்சி அந்த வீட்டின் பின்பக்கம் குனிந்து நின்று, மேலிருந்து ஊற்ற ஊற்ற, இரண்டு கைகளையும் ஏந்தித்தான் இருபது வருடமும் தண்ணீர் குடித்தார் என்பது, நான் காலேஜுக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு வெயிலில் பயங்கரத் தாகம் என்பதுதான். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாங் கண்ணு" என்றாள். "நெறஞ்சிருச்சு."