பிரிக்காத உறை

பாலையூற்றில் மிருக வைத்தியம் பார்த்த சவிரிமுத்துவுக்கு ஒரு பிடிவாதம். லண்டனிலிருந்து கப்பல் தபாலில் வரும் வைத்திய சஞ்சிகைகளைத் திகதி ஒழுங்கில்தான் படிப்பார். பழையதை முடிக்காமல் புதிய உறையைப் பிரிக்கமாட்டார். "இடையில பாய்ஞ்சு படிக்கிறதும் ஒரு படிப்பே?" என்று மனைவிமீது எரிந்து விழுவார்.

எண்பதாம் ஆண்டு நாய்களுக்கு இரத்த வயிற்றோட்டம் பரவியது. இன்பமலர் ரீச்சரின் நாய்க்குட்டிக்கும் வந்தது. "வயிறு காயட்டும், தண்ணியும் குடுக்காதேங்கோ" என்று, தான் படித்த காலத்து வழக்கப்படி சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் அது செத்துப்போனது.

இரண்டு மாதம் கழித்து, முறை வந்ததும் ஓர் உறையைப் பிரித்தார். அந்தப் புது நோயைப் பற்றி அதில் இருந்தது. உடம்பில் நீர் வற்றித்தான் நாய்கள் சாகின்றன, உடனே சேலைன் ஏற்றினால் பல பிழைக்கும் என்று எழுதியிருந்தார்கள். உறையைத் திருப்பி, அது ஊருக்கு வந்து சேர்ந்த அன்று குத்திய தபால் முத்திரையைப் பார்த்தார். குட்டிக்கு வருத்தம் வருவதற்கு மூன்று கிழமைக்கு முந்திய திகதி. சேலைன் போத்தல்களும் அலுமாரியில் அப்படியே இருந்தன.

ஞாயிறு பூசை முடிந்ததும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ரீச்சரிடம் போனார். ரீச்சர் முந்திக்கொண்டார்.

"என்னில பிழை இல்லை டொக்டர். குட்டி தண்ணிச் சட்டியடிக்கு இழுபட்டு இழுபட்டு வந்தது. நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டும் நான் குடுக்கேல்லை."