மூன்றாம் ஓலையைக் கேட்க வந்தவர்கள்

1942-ஆம் வருஷம், ஈஸ்டர் சமயம். நாங்கள் அப்போது இராயபுரத்தில், துறைமுகத்து மதிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அரிசி, கருப்பட்டிக் கடை வைத்தவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எனக்கு இருபது வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் கேட்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்று முறையும் அப்படி முடிந்தால்தான் தாலி.

முதல் ஓலை ஈஸ்டர் அன்று வாசித்தார்கள். கோயில் நிரம்பி வழிந்தது. அன்றுதான் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது ஓலைக்குப் பாதிப் பெஞ்சுகள் காலி.

அப்பாவுக்கு மட்டும் இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. சண்டை தொடங்கிய நாளிலிருந்தே அவர் செய்தித்தாளை ஒரு கையிலும் வேதத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு வந்தவர். கடைச் சுவரில் கரியால் ஆளுயரத்துக்கு ஒரு சிலை வரைந்திருந்தார். பாபிலோன் ராஜா கனவில் கண்ட சிலை. பொன் தலை, வெள்ளி மார்பு, இரும்புக் கால், பாதி களிமண்ணான பாதம். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ராஜ்யம். பாதத்துக்குப் பக்கத்தில் சண்டை போடும் தேசங்களின் பெயர்கள் வாராவாரம் கூடிக்கொண்டே போகும். கருப்பட்டி வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் தேவனுடைய ராஜ்யம் வந்துவிடும், இந்த நேரத்தில் கல்யாணம் ஒரு கேடா என்பது அப்பாவின் கட்சி. ஊருக்குத் திரும்பிப் போக எங்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். மாப்பிள்ளையோ துறைமுகத்தை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாது. போனால் கல்யாணம் அதோடு போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதில் நான் அவருக்கு மகள்தான். சனிக்கிழமை காலையில் அவருடைய வேதத்தையே எடுத்துக் கடையில் அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். அதில், ஊரைச் சுற்றிப் பாபிலோன் படை. தீர்க்கதரிசி காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வாக்கு வருகிறது. மனுஷர் இல்லாமல் பாழாய்ப் போனது என்று நீங்கள் சொல்கிற இதே இடத்தில் மாப்பிள்ளையின் குரலும் மணப்பெண்ணின் குரலும் மறுபடி கேட்கும் என்று.

அது அந்தக் காலத்து யூதாவுக்குச் சொன்னது என்றார் அப்பா.

"அப்போ சுவத்துல நிக்கது பாபிலோன்தானே? அது மட்டும் எப்படிப்பா ராயபுரத்துக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

அம்மா உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தராசை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, கேட்டுக்கோ. நாளைக்கு ஓலைய கேக்க சபைன்னு ஒண்ணு இருந்தா நான் ஊருக்குப் போவல. வெறும் பெஞ்சுக்கு வாசிக்கது ஓலை இல்ல. ஆளு இல்லேன்னா, நீ வாயத் தொறக்காம ரயில்ல ஏறணும்" என்றார்.

சம்மதித்துவிட்டு வெளியே ஓடினேன். தெருத் தெருவாகச் சபைக்காரர் வீடுகளைத் தட்டினேன். முக்கால்வாசி வீடுகளில் பூட்டு. பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கும் ஒரு அம்மாள் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். நான் கேட்டதையே காதில் வாங்காமல், வண்டியில் இடமில்லை, இதைப் பார்த்துக்கொள் என்று தன் கோழியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணத்துக்கு ஆள் தேடிப் போனவள் கோழியோடு திரும்பினேன்.

கடைப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது மீன்கார அக்கா கூடையோடு வந்தார். பத்து வருஷமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவர். கடற்கரைக் குப்பத்தில் வீடு, புருஷனுக்குக் கட்டுமரம். கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னா ஆச்சு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க கோயில்ல நாங்க வந்து குந்தலாமா? அத்த மட்டும் சொல்லு. எங்க குப்பத்துல ஒருத்தரும் ஓடல. கடலு வூட்டு வாசல்ல கீது, அத்த வுட்டுட்டு எங்க ஓடறது?" என்றார்.

வெட்கமாக இருந்தது. இந்தப் பத்து வருஷத்தில் அவரைப் படிக்கு மேல் நாங்கள் ஏறவிட்டதில்லை. மீனை வாங்கிக்கொண்டு மூக்கைச் சுளித்திருக்கிறேன். அத்தனை பூட்டுகளைத் தட்டினேனே, போகாமல் இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோழியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு ஐயரிடம் போனேன். ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஓலை கேட்கலாமா என்று கேட்டேன். தடை இருந்தால் சொல்லத்தான் ஓலை, பத்து வருஷம் உன்னைப் பார்த்தவர்களைவிட அதற்கு யார் பொருத்தம், வரச் சொல் என்று சிரித்தார் அவர்.

ஞாயிறு காலை கோயிலில் சபைக்காரர்கள் என்று பார்த்தால் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அப்பா கடைசிப் பெஞ்சில், சட்டைப் பையில் டிக்கெட்டோடு. மாப்பிள்ளை வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் கிரீஸ் கறை. முதல் பாட்டு முடிந்தும் குப்பத்துக்காரர்களைக் காணோம். இரண்டாவது பாட்டும் முடிந்தது. வேதபாடம் வாசிக்கும்போதுதான் வாசலில் அரவம் கேட்டது. கட்டுமரங்கள் கரையேறியதும் அப்படியே வந்திருக்கிறார்கள். ஈரத் தலை, முழங்கையில் மீன் செதில், இடுப்பில் பிள்ளைகள். பெஞ்சு காலியாக இருந்தும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். கோயில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

ஐயர் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டார். அப்போது மீன்கார அக்கா எழுந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்ற எங்கள் வழக்கத்தை அவருக்கு நான் சொல்லி வைக்கவில்லை.

"தடை ஒண்ணியும் இல்ல சாமி. பத்து வருசமா பாத்துகினு கீறேன், நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தவரும் எழுந்து இல்லை என்றார். அடுத்தவரும். வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து, தடை இல்லை, தடை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஐயர் யாரையும் தடுக்கவில்லை. ஓலையைப் பிடித்த கையைத் தாழ்த்தாமல் கடைசி ஆள் வரை கேட்டார். பிறகு எங்கள் சபைக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கடைசியாக அப்பா ஒருவர்தான் பாக்கி. அவரும் எழுந்தார்.

"எனக்கும் தடை இல்ல" என்றார்.

அடுத்த புதன்கிழமை கல்யாணம் நடந்தது. அதே ஆட்கள் வந்தார்கள். இந்த முறை அப்பாவே வாசலில் நின்று கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். கோழியை நாங்கள் அடிக்கவில்லை. அந்த அம்மாள் ஊர் திரும்பியபோது பத்துக் குஞ்சுகளோடு ஒப்படைத்தோம்.

ராஜ்யம் வரும் என்று அப்பா சாகும்வரை நம்பினார். கணக்குப் போடுவதை மட்டும் விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது கடைச் சுவருக்கும் சேர்த்து அடித்து, சிலையை மறைத்துவிட்டார். தெரு முழுக்கப் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் ஒரு நாள்கூட அவர் கடையை அடைக்கவில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம் என்று யாராவது கேட்டால், "ராஜா வாற அன்னைக்கு நம்ம கடை தொறந்து கெடக்கட்டும்" என்பார்.

இப்போதும் ஜெபக்கூட்டங்களில் யாராவது ராஜ்யம் வரப்போகும் வருஷத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எனக்கு அந்த வருஷம் தெரியாது. ஆனால் அந்த ராஜ்யத்தில் யார் யாரெல்லாம் ஈரத் தலையோடு வந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு இடம் விட்டு உட்காரத்தான் அன்றிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.