என் மகனுக்கு எழுதிவைத்த ஒரு நாள் தண்ணீர்

அரியலூர் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்து கிடந்த வருஷங்கள் அவை. எந்த மாவட்டம் என்று யாராவது கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு இருந்த குழப்பத்தில் அதெல்லாம் ஒரு குழப்பமே இல்லை.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரரின் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், இவர் கடைக்குட்டி. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். மோட்டார் கொட்டகைச் சாவி தினமும் காலையில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் முறை வந்தால்தான் மிளகாய்க் கொல்லை நனையும்.

கிணற்றில் தண்ணீர் கீழே இறங்க இறங்க, இவருடைய மூத்த அண்ணன், பெரிய மச்சாண்டாருக்கு நியாயம் பிறந்தது. அவருக்கு நான்கு மகன்கள். "இனிமே வூட்டுக்கு ஒரு நாள் கெடையாது, ஆம்பளப் புள்ள தலைக்கு ஒரு நாள்" என்றார். சின்ன மச்சாண்டாருக்கு இரண்டு மகன்கள், அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு இரண்டும் பெண்கள்.

"அப்ப எங்களுக்கு?" என்று இவர் கேட்டார்.

"பொண்ணுங்க போற வூட்டுல தண்ணி இறைக்கும்டா. அதுக்கு இங்க எதுக்கு மொறை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்கள் சாப்பிடும் சோறு மட்டும் ஆகாயத்திலிருந்தா வருகிறது? ஆனால் அப்போது எனக்கு மூன்றாவது, ஏழு மாதம். சின்ன மச்சாண்டார் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வவுத்துல இருக்கறது வெளிய வரட்டும்ண்ணே, அப்பறம் பிரிச்சிக்கலாம்" என்றார். கிணற்றைப் பங்கு போட என் பிரசவத்துக்காக ஒரு குடும்பமே காத்திருந்தது. இப்படி ஒரு கூத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஊசி போட வந்த நர்சம்மா, "ரெண்டோட நிறுத்துன்னு தலையால அடிச்சிக்கிட்டனே, இருக்கற தண்ணிக்கு இத்தன பேரான்னு யோசிக்க மாட்டீங்களா?" என்று திட்டினார். அவர் சொன்னதும் சரியாகப்பட்டது. பையன் பிறந்தால்தான் கொல்லை பிழைக்கும் என்று இவர் சொன்னதும் சரியாகப்பட்டது. தண்ணீர் பற்றாததால் எங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆள் கூடியதால்தான் தண்ணீர் பற்றவில்லை. இதில் எந்தப் பக்கம் நின்று சாமி கும்பிடுவது? கைகூப்பி நிற்பேன், என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுவேன்.

பையன்தான் பிறந்தான். முப்பதாம் நாள் தீட்டு கழிந்ததும் எல்லோரும் கிணற்றடியில் கூடினோம். பெரிய மச்சாண்டார் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் முதல் பாத்தியை நனைத்து, இரண்டாவது பாத்திக்குள் எட்டிப் பார்த்தது. அதற்குள் குழாய் இருமத் தொடங்கியது.

"காத்து இழுக்குது" என்றார் சின்ன மச்சாண்டார்.

எட்டிப் பார்த்தோம். அடியில் சேறு தெரிந்தது. மழை இல்லாததாலா, சுற்றிலும் போர் போட்டதாலா, அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டுகிறார்களே அதனாலா, நாங்கள் பெருகியதாலா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெரிய மச்சாண்டார் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். "சொன்ன பேச்சு மாற மாட்டேன். இவனுக்கு ஒரு நாள்" என்று சாவியை என் மடியில் கிடந்த பிள்ளையின் வயிற்றின் மேல் வைத்தார். இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். என் பக்கம் குனிந்து, "அடுத்ததும் பையனாப் பொறந்தா நமக்கு ரெண்டு நாளு" என்றார்.

"ரெண்டு நாளும் காத்தையா இறைக்கப் போறீங்க?" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலை இவரிடம், "ஆபரேசன் பண்ணிக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே பெரிய ஓரகத்தி வந்தாள். நான்கு மகன்களைப் பெற்றவள் என்று ஊரே மெச்சுகிறவள். என்னைத் திருப்பி அழைத்துப்போக அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எங்கக்கா?"

"ஒனக்கு எங்கயோ, எனக்கும் அங்கதான்" என்று பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பஸ் கிளம்பியது. பிறகு அவன் தலையைத் தடவியபடியே சொன்னாள்.

"எம் மூணாவதையும் நாலாவதையும் இந்தக் கெணத்துக்காவத்தான்டி அப்பவே கணக்குப் போட்டுப் பெத்துக்கச் சொன்னாரு. காலையில ரெண்டு பேரும் எந்திரிச்சி வந்து தண்ணி குடும்மான்னு நிக்கிறானுங்க."