மூன்று முறை விட்டுப்போன வரி

ஊரில் உள்ள பூட்டுகளில் முக்கால்வாசி என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கும். நான் மட்டும் கேட்பதில்லை என்பது அவருடைய தீராத குறை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவில் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். இருபத்திரண்டு வருடமாகத் தெருவில் எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்.

போன வருடம் ஆற்றோரம் முந்நூறு வீடுகளோடு ஓர் அடுக்குமாடி எழுந்தது. அங்கே பூட்டு வேலை பூட்டுக்காரர் சங்க உறுப்பினருக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு என் அண்ணனின் கிடங்குக்குக் காவல் போவது என்று பேச்சு. எத்தனையோ பூட்டைத் திறந்த மனிதர் ஒரே பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கத்தின் விதிகள் மொத்தம் ஒரே பக்கம். வீட்டுக்கு உரியவர் என்ற சான்றைப் பார்க்காமல் பூட்டில் கை வைக்கக் கூடாது. அடுத்தவர் சாவிக்கு நகல் செய்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர வருகிறவர்மேல் பழைய புகார் இருந்தால், அதை அவரே தன் கையால் எழுத்து விடாமல் நகலெடுத்து, புகார் கொடுத்தவர் முன்னால் நின்று படித்துக் காட்ட வேண்டும். சேர்க்கலாமா கூடாதா என்று அந்தத் தாளின் அடியில் எழுத வேண்டியவர் புகார் கொடுத்தவர்தான்.

"நம்ம மேல யாரு புகார் குடுத்திருக்கப் போறா" என்று மார்தட்டிப் போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். செயலாளரின் கோப்பில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்று இருந்திருக்கிறது. ஒரு பெண் எழுதியது. பிரிந்துபோன கணவன் உள்ளே வராமலிருக்கப் புதுப் பூட்டு போட்டிருக்கிறாள். அவன் சாவி தொலைந்துவிட்டதென்று இவரைக் கூட்டிப்போய்த் திறக்க வைத்திருக்கிறான். வேலைக்குப் போய்த் திரும்பியவள் பார்த்தது, கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அவனை. அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டையே விட்டுப் போய்விட்டாள்.

என்னிடம் இவர் மூச்சுகூட விட்டதில்லை. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நகலெடுத்தார். நான் மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒரு வரி குறைந்தது. 'திறந்தவர், இது யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.' மறுபடி எழுதினார், மறுபடியும் அதே வரி இல்லை. மூன்றாம் தாளிலும் இல்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பேனா தானாக அந்த வரியைத் தாண்டிப் போனது. நாலாவது தடவை அந்த வரிக்கு அடியில் என் விரலை வைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டேன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். எனக்குக் கோபமெல்லாம் போய் மனசு கனத்துவிட்டது.

அந்தப் பெண் இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விலாசம் தேடிப் போனோம். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே படித்தார். அந்த வரி வந்தபோது குரல் இறங்கியது, ஆனால் விடவில்லை.

"மறுநாள் கடைக்கு வந்து கேட்டப்ப, விசாரிச்சேன்னு சாதிச்சீங்க" என்றாள்.

"விசாரிக்கலம்மா. பொய் சொல்றேன்னுகூடத் தெரியாமலே சொல்லிட்டேன்."

தாளை வாங்கிக்கொண்டாள், எழுதவில்லை. பின்கதவுப் பூட்டு ஒரு மாதமாக இறுகிக் கிடக்கிறது, வந்தவர்களெல்லாம் உடைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள் என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். இவர் எங்கே போனாலும் தூக்கிவரும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். நின்றார்.

"இது உங்க வீடுன்னு காட்ட ஏதாவது காகிதம் இருக்காம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கையெழுத்துக்காக வந்து நிற்கிற மனிதர் அவளிடமே கேள்வி கேட்கிறார். முழங்கையில் கிள்ளினேன்; அசையவில்லை. அவள் இவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வாடகை ஒப்பந்தத்தையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்து நீட்டினாள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தார். புகைப்படத்தைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, "சரிம்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், எதற்கு மறைக்க வேண்டும்.

பூட்டு உடையாமலே திறந்தது. தேய்ந்த சாவிக்குப் பதிலாக அங்கேயே உட்கார்ந்து அரத்தால் புதிது ஒன்று செய்து கொடுத்தார். கிளம்பும்போது அவள் தாளை மடித்துத் தந்தாள். பேருந்தில் அவருக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. நான் பிடுங்கிப் பிரித்துப் படித்தேன்.

'இவர் அன்று செய்தது தவறு. இன்றும் அது தவறுதான். என் வீட்டுச் சாவியை இன்று இவர்தான் செய்து கொடுத்தார். சேர்த்துக்கொள்ளுங்கள்.'